டைட்டன் கடல்ல கட்டுமரம் மிதக்குமா?

போன மாசம் முடிஞ்ச நம்ம விண்வெளித் தொடர்கதைக்கு வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து ஒரு துணிப்பையில போட்டு ஆசிரியர் எங்கிட்ட குடுத்துட்டாரு, எழுதுனது நீதானய்யா, பதிலும் நீயே சொல்லுன்னு. தொடரைப் படிக்காதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பொண்ணு ஒருத்தி என்ஜினியர் ஆகி, இன்னும் ஆறு பேரோட சனி கிரகத்தோட பெரிய நிலாவான டைட்டனுக்குப் போறா, அங்க இருக்குற மீத்தேன் கடல்ல படகு விடறா, மாட்டிக்கிறா, தப்பிச்சு வர்றா. அவ்ளோதான் கதை.

பையைக் கொட்டிப் படிச்சதுல ஒரு வேடிக்கை. "சார் ஓவரா ரீல் விடாதீங்க"ன்னு நீங்க எழுதுன இடமெல்லாம் முக்காவாசி நெஜம். நான் நெஜமாவே ரீல் விட்ட இடத்தை எல்லாரும் கம்முனு தாண்டிப் போயிட்டீங்க, ஒரே ஒருத்தரைத் தவிர. அந்தக் கேள்விய கடைசில வச்சிருக்கேன்.

நாங்க கடல்லயே பொறந்து வளந்தவங்க. கதையில அந்தப் பொண்ணு கட்டுமரம் வேணாம், ஃபைபர் போட்டுதான் வேணும்னு அடம் புடிக்குது. கட்டுமரம் கவுந்தாலும் முழுகாது சார், இது தெரியாம எழுதிட்டீங்களே?
— மீனவர், சிங்காரத்தோப்பு, கடலூர்

அண்ணே, நம்ம கடல்ல முழுகாது. அங்க முழுகிடும், அதான் விஷயமே.

கட்டுமரம் ஏன் மிதக்குது? அதுல குழிவு கிடையாது, உள்ள காத்து கிடையாது, மரமே தண்ணிய விட லேசு, அவ்ளோதான் அதோட ரகசியம். நம்ம கடல் தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். டைட்டன்ல கடல்னு இருக்குறது மீத்தேனும் ஈத்தேனும் கலந்தது, கூடவே நைட்ரஜன் கரைஞ்சிருக்கு, அது ஒரு லிட்டர் அரை கிலோ, கொஞ்சம் முன்ன பின்ன. அப்ப நல்லா காஞ்ச லேசான மரமா இருந்தா தப்பிக்கும், கொஞ்சம் கெட்டி மரமா இருந்தாலோ ஊறிப்போன மரமா இருந்தாலோ கல்லு மாதிரி உள்ள போயிடும். மரத்துக்கே இந்த கதின்னா ஆளு? மனுச ஒடம்பு கிட்டத்தட்ட தண்ணி எடைதான், அதனால அங்க எவ்ளோ பெரிய நீச்சல்காரனா இருந்தாலும் மிதக்கவே மாட்டான், அதான் ஏழாவது அத்தியாயத்துல தவறி விழுந்தவன் கை காலே அடிக்காம நேரா கீழ போனான்.

ஃபைபர் போட்டு வேற கணக்கு. அது குழிவா இருக்கு, எவ்ளோ எடையோ அவ்ளோ எடை திரவத்த ஒதுக்குற வரைக்கும் கீழ இறங்கி அப்புறம் நின்னுடும். ஆளு, வலை, இன்ஜின் எல்லாம் சேத்து ஒன்றரை டன்னுன்னு வச்சிக்குங்க, நம்ம கடல்ல ஒன்றரை கன மீட்டர் தண்ணிய ஒதுக்குனா போதும், அங்க மூணு கன மீட்டர் ஒதுக்கணும். அதனால போட்டு விளிம்பு வரைக்கும் அமுங்கித்தான் போகும், அவளும் சைடு பலகைய ஒசத்திக் கட்டுறான்னு எழுதியிருந்தேன் பாருங்க, அது இதுக்குத்தான். நெறைய பேரு அங்க ஈர்ப்பு கம்மிதானே, எல்லாம் லேசா மிதந்துடும்னு எழுதியிருக்கீங்க. ஈர்ப்பு கொறஞ்சா போட்டோட எடையும் கொறையுது, அது ஒதுக்குற திரவத்தோட எடையும் அதே அளவு கொறையுது, ரெண்டும் சரிக்கு சரி. மிதக்குறதுக்கும் ஈர்ப்புக்கும் சம்பந்தமே இல்ல.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச ஒன்னு, கதையில எடம் இல்லாம விட்டுட்டேன். சனி கிரகம் மொத்தமா தண்ணிய விட லேசு, சராசரி அடர்த்தி தண்ணில பத்துக்கு ஏழு பங்குதான், அதத் தூக்கிப் போடற அளவுக்கு ஒரு கடல் இருந்தா மிதக்கும்னு பாடப் புத்தகத்துல எல்லாம் போடுவாங்க. அதே சனியத் தூக்கி அதோட சொந்த நிலாவுல இருக்குற கடல் மாதிரி ஒன்னுல போட்டா முழுகிடும்.

மீத்தேன் கடல்னு சொல்றீங்க, அந்தக் கடல்லயே வெல்டிங் வேற பண்றாங்க. தீப்பொறி பட்டா மொத்த நிலாவும் வெடிச்சிடாதா?
— வாசகர், வில்லியனூர்

மீத்தேன்னு சொன்னாலே நம்ம பக்கம் போராட்டம்தான் ஞாபகத்துக்கு வரும், அதனாலயோ என்னவோ இந்தக் கேள்வி மட்டும் பதினோரு பேரு கேட்டிருக்கீங்க. வெடிக்காது. எரியணும்னா எரிபொருள் மட்டும் பத்தாது, ஆக்சிஜன் வேணும். டைட்டன் காத்துல 95 சதவீதத்துக்கு மேல நைட்ரஜன், மிச்சம் பெரும்பாலும் மீத்தேன், ஆக்சிஜன்னு சொல்லிக்கிற மாதிரி ஒன்னுமே இல்ல. பொட்டி பொட்டியா தீக்குச்சி உரசிப் போடலாம், தலை மருந்து மட்டும் புஸ்ஸுன்னு எரிஞ்சி அணைஞ்சிடும்.

ஆனா தலைகீழா ஒரு ஆபத்து இருக்கு. நம்ம வீட்ல கேஸ் லீக் ஆனா பயம், ஏன்னா சுத்தி ஆக்சிஜன் இருக்கு. அங்க சுத்தி மீத்தேன் இருக்கு, அதனால ஆக்சிஜன் லீக் ஆனாத்தான் பயம். நம்ம சமையல்கட்டுல காத்துக்குள்ள கேஸ் எரியுது, அங்க கேஸுக்குள்ள ஆக்சிஜன் எரியும். அதுவுமில்லாம நம்ம சிலிண்டர் கேஸுக்கு நாத்தம் தனியா சேக்கறாங்க, லீக் ஆனா தெரியணும்னு, மீத்தேனுக்கு சொந்தமா வாசனையே கெடையாது. அவங்க டிரஸ்ல ஒட்டிக்கிட்டு மீத்தேன் உள்ள வந்தா மூக்குக்குத் தெரியாது, அதான் பத்தாவது அத்தியாயத்துல ஏர்லாக்ல, அதாவது வெளிய போக வர நடுவுல இருக்குற ரெட்டைக் கதவு அறையில, அந்த விபத்து.

போட்டு இன்ஜினும் அப்படித்தான். கடலே எரிபொருள், கேன்ல எடுத்துட்டுப் போறது ஆக்சிஜன். இன்ஜின் சூடு பட்ட எடத்துல கரைஞ்சிருக்குற நைட்ரஜன் பன்னீர் சோடா ஒடச்ச மாதிரி பொங்கும், நுரைக்குள்ள ஃபேன் சுத்துனா புடிமானம் இருக்குமா, போட்டு நகராது. அவ நடுக்கடல்ல மாட்டுனது இதுலதான். இத நான் கற்பனை பண்ணல, சூடு படுற எந்தக் கருவிக்கும் அங்க இந்தத் தொல்லை வரும்னு நாசால சோதனையே பண்ணிப் பாத்திருக்காங்க.

தார்ப்பாய்ல ரெக்கை கட்டிக்கிட்டு ஒரு ஆளு பறக்கறதெல்லாம் மாயாஜாலப் படம். சயின்ஸ்னு சொல்லாதீங்க.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்

ஐயா, நீங்க ஒடனே கோபப்படுவீங்கன்னு தெரியும். ரெண்டே நம்பர் மட்டும் பாருங்க. அங்க ஈர்ப்பு நம்ம பூமியில ஏழுல ஒரு பங்கு, 70 கிலோ ஆளு 10 கிலோ மாதிரி இருப்பாரு. காத்து நம்ம காத்த விட நாலு மடங்குக்கு மேல கெட்டி. எடை பத்து கிலோ, தள்ளறதுக்கு கெட்டியான காத்து, அப்ப தோள் பலமே போதும். இதுவரைக்கும் நமக்குத் தெரிஞ்ச எடங்கள்ல மனுசன் சொந்த பலத்துல சுலபமா பறக்கக்கூடிய எடம் டைட்டன்தான். நாசா அங்க அனுப்பப் போற டிராகன்ஃப்ளை வண்டிக்கு சக்கரமே கிடையாது, எட்டு ரோட்டார் வச்சிப் பறந்து பறந்து போகப் போகுது, 2028ல கெளம்பி 2034ல போய்ச் சேர்றதா திட்டம்.

அழுத்தமும் நம்ம காத்தழுத்தத்துல ஒன்றரை மடங்குதான், கடல்ல அஞ்சு மீட்டர் ஆழத்துக்கு முக்குளிச்ச மாதிரி. அதனால நிலாவுக்குப் போறவங்க போடற ஊதுன டிரஸ் வேணாம். மூச்சுக்கு மாஸ்க்கும் குளிருக்கு நல்ல ஹீட்டர் வச்ச டிரஸ்ஸும் போதும். குளிர் மட்டும் மைனஸ் 179 டிகிரி.

கப்பல்ல டீ ஆத்தும்போது டீ கிளாசுக்குள்ள விழாம தள்ளிப் போய் விழுதுன்னு எழுதியிருந்தீங்க. ஒன்னு எடை இருக்கணும், இல்ல இல்லாம இருக்கணும், அது என்ன சாஞ்சி விழறது?
— டீக்கடைக்காரர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இந்தக் கேள்விக்காகவே உங்க கடைல ஒரு நாளு டீ குடிக்கணும். அந்தக் கப்பல்ல எடை நெஜ எடை இல்லங்க. பெரிய சக்கரம் மாதிரி கப்பல் சுத்துது, சுத்தறதால உள்ள இருக்குறவங்க வெளிச்சுவரு பக்கம் அமுங்கறாங்க, ரங்கராட்டினத்துல ஒரு பக்கமா தள்ளுமே அதான். நிமிஷத்துக்கு ரெண்டு சுத்துதான் வச்சேன், அதுக்கு மேல சுத்துனா தலை சுத்தல் வாந்தி வந்துடும். ரெண்டு சுத்துல பூமி மாதிரியே எடை வேணும்னா சக்கரத்தோட ஆரம் 224 மீட்டர் இருக்கணும். சின்னக் கப்பலா பத்து மீட்டர்ல செஞ்சா நிமிஷத்துக்கு ஒன்பதரை சுத்து சுத்தணும், கால்ல இருக்குற எடை தலையில இருக்காது, நின்னுக்கிட்டே மயக்கம் போடலாம்.

இப்ப டீக்கு வருவோம். நீங்க ஒரு மீட்டர் ஒசரத்துலேர்ந்து ஆத்தறீங்க, டீ கீழ வர்றதுக்கு அரை செகண்டு கூட ஆகாது, ஆனா அந்த நேரத்துல கிளாஸ் கப்பலோட சேந்து வளைஞ்சி நகந்துடுது, காத்துல இருக்குற டீ நேராப் போகுது. கணக்குப் போட்டுப் பாத்தேன், ஆறு சென்டிமீட்டர் தள்ளி விழுது. கிளாசுக்குள்ள விழாது, பக்கத்துல உக்காந்திருக்குறவரு வேட்டில விழும். அங்க டீ மாஸ்டரா போறவரு ஆறு சென்டிமீட்டர் முன்னாடி குறி வச்சி ஆத்தப் பழகணும்.

இதே விஷயம்தான் நம்ம ஊருலயும் நடக்குது, பூமி ரொம்ப மெதுவா சுத்தறதால டீல தெரியல, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வர்ற காத்துல தெரியுது. 2011 டிசம்பர் 30 தானே புயல ஞாபகம் இருக்கா, இருக்காம என்ன, பண்ருட்டி பக்கம் பலா மரமும் முந்திரியும் வேரோட சாஞ்சி கெடந்தத பாத்தவங்க யாரு மறப்பாங்க. அன்னிக்கு மொதல்ல ஒரு பக்கமாக் காத்து அடிச்சி, நடுவுல ஓஞ்சி, அப்புறம் எதிர்ப்பக்கமா அடிச்சிதே, அது புயல் இடஞ்சுழியா சுத்துறதால. அப்படி சுத்த வைக்கிறது பூமியோட சுழற்சி. உங்க வேட்டில டீய ஊத்துற அதே கைதான்.

ஹெல்மெட் இல்லாம பத்து செகண்டு வெளிய போய் உயிரோட வந்துடறான். ஒடம்பு வெடிச்சிருக்கணுமே? இல்லனா ஐஸ் கட்டி ஆயிருக்கணுமே?
— கல்லூரி மாணவர், காலாப்பட்டு

ரெண்டும் சினிமா சொல்லிக் குடுத்தது தம்பி. 1966ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஒரு வெற்றிட அறைக்குள்ள ஸ்பேஸ்சூட் டெஸ்ட் பண்ணும்போது ஜிம் லெப்லாங்க்னு ஒருத்தருக்கு ஹோஸ் கழண்டுகிச்சு. பதினாலு செகண்டு கிட்ட நெனவு இருந்துச்சு, கடைசியா அவருக்கு ஞாபகம் இருந்தது நாக்குல எச்சி கொதிக்கிற மாதிரி இருந்தது. அழுத்தம் இல்லனா ஒடம்பு சூட்டுக்கே எச்சி கொதிக்கும். ஒடனே காத்த உள்ள விட்டாங்க, பொழச்சிக்கிட்டாரு. தோலு கெட்டி, வெடிக்காது. ஆனா மூச்ச மட்டும் அடக்கக் கூடாது, நுரையீரல் கிழிஞ்சிடும், அதான் கதையில அவன் வாயத் தொறந்துகிட்டே குதிக்கிறான். 1971ல சோயுஸ் 11 விண்கலத்துல மூணு சோவியத் விண்வெளி வீரர்கள் திரும்பி வரும்போது ஒரு வால்வு தொறந்துகிட்டு காத்து போயிடுச்சு, அவங்களுக்கு உதவ யாரும் பக்கத்துல இல்ல, மூணு பேருமே எறந்துட்டாங்க.

குளிர் விஷயம் இன்னும் எளிசு. சைக்கிள்ல டீ விக்கிறவரு பிளாஸ்க்குக்குள்ள ரெண்டு சுவருக்கு நடுவுல என்ன இருக்கு? வெற்றிடம். அதனாலதான் டீ ஆறாம இருக்கு. விண்வெளி மொத்தமும் அந்தப் பிளாஸ்க்கு சுவருதான், சூடு வெளிய போக வழியே தெரியாம தவிக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்துல அம்மோனியா ஓடற பெரிய பெரிய ரேடியேட்டர் தகடுங்க வச்சிருக்கறது சூட்டை வெளிய தள்ளத்தான்.

சனி கிரகத்தப் பத்தி இவ்ளோ எழுதுனீங்க, திருநள்ளாறு மேல சாட்டிலைட் மூணு செகண்டு நின்னு போறத ஏன் எழுதல?
— வாசகி, பாகூர்

அம்மா, திருநள்ளாறுக்கு நானும் போயிருக்கேன், நளன் குளத்துல குளிச்சிருக்கேன், அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அந்த மெசேஜ் பொய். தாழ்வாப் பறக்குற சாட்டிலைட் ஒன்னு செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல போகுது, காரைக்கால் மாவட்டத்தையே ரெண்டு செகண்டுல தாண்டிடும். அந்த வேகம் இருக்குறதாலதான் அது கீழ விழாம சுத்துது. மூணு செகண்டு நின்னுச்சின்னா அப்புறம் கெளம்பாது, நேரா கீழதான் வரும், திரும்ப அந்த வேகத்துக்குக் கொண்டு போக இன்னொரு ராக்கெட்டு வேணும். ஒரே எடத்துல நிக்கிற மாதிரி தெரியிற டிவி சாட்டிலைட்டெல்லாம் 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல, பூமத்திய ரேகைக்கு மேலதான் இருக்கு, திருநள்ளாறுக்கு நேர் மேல இல்ல.

ஆனா ஏழரைச் சனின்னு சொல்றோமே, அந்த ஏழரைங்கற கணக்கு சுத்தமான வானியல். சனி சூரியன ஒரு சுத்து சுத்த 29 வருஷம் அஞ்சரை மாசம் ஆகுது, பன்னெண்டு ராசிக்கும் வகுத்தா ராசிக்கு ரெண்டரை வருஷம், மூணு ராசிக்கு ஏழரை. டெலஸ்கோப் இல்லாத காலத்துலயே முப்பது முப்பது வருஷமா உக்காந்து பாத்து எழுதி வச்சிருக்காங்க. அத நெனச்சித்தான் நான் மலைச்சிப் போறேன், சாட்டிலைட் கதைய நெனச்சி இல்ல.

அஞ்சாவது அத்தியாயத்துல பாண்டிச்சேரில வானத்தப் பாத்து அழற பிரெஞ்சுக்காரரு வர்றாரே, அவரு நெஜமா?
— வாசகர், அரியாங்குப்பம்

நெஜம். பேரு லெ ஜென்டீல். வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்க போறத பூமியில வேற வேற எடத்துலேர்ந்து நேரம் பாத்து அளந்தா சூரியன் எவ்ளோ தூரம்னு கணக்குப் போட்டுடலாம்னு 1761ல ஒரு பெரிய முயற்சி நடந்துச்சு. அவரு 1760ல பிரான்சுலேர்ந்து கெளம்பி இங்க வர்றதுக்குள்ள பாண்டிச்சேரிய ஆங்கிலேயர் புடிச்சிட்டாங்க, எறங்க முடியல, அன்னிக்கு நடுக்கடல்ல ஆடற கப்பல்லேர்ந்து பாத்தாரு, ஒன்னும் அளக்க முடியல. சரி அடுத்தது எட்டு வருஷத்துல வருதுன்னு ஊருக்கே போகாம இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தாரு. மணிலா போயி, அங்கேர்ந்து 1768ல பாண்டிச்சேரி வந்து, இடிஞ்ச கோட்டை மேல கண்காணிப்பு எடம் கட்டி காத்திருந்தா, 1769 ஜூன் 4 காலைல கரெக்டா மேகம் மூடிடுச்சு. வெள்ளி தாண்டிப் போனப்புறம் வெயிலு. மணிலாவுல அன்னிக்கு வானம் பளிச்சுன்னு இருந்துச்சாம். 1771ல ஊருக்குப் போனா செத்துட்டாருன்னு முடிவு பண்ணி சொத்தப் பங்கு போட ஆரம்பிச்சிருந்தாங்க.

காத்திருந்த நாள்ல இங்க ஒரு தமிழரு கிட்ட கிரகணம் கணிக்கிறத கத்துக்கிட்டாரு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்ளோ நேரம் நீடிச்சதுன்னு தமிழ் முறைல போட்ட கணக்கு 41 செகண்டு கொறச்சலு, ஐரோப்பாவோட அட்டவணை 68 செகண்டு அதிகம். சோழி அடுக்கி, மனப்பாடமா வச்சிருந்த வாய்பாட்டுலேர்ந்து போடற கணக்கு அது. மத்த ஊருங்கள்ல அளந்தவங்க கணக்க வச்சி சூரியன் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர்னு கண்டுபுடிச்சாங்க, இன்னிக்குத் தெரிஞ்சது 14 கோடியே 96 லட்சம். என் கப்பல் எவ்ளோ தூரம் போகுதுன்னு நான் எழுதறதுக்கு அந்த அளவுகோல்தான் ஆரம்பம்.

கப்பல் நேரா சனிக்குப் போகாம வெள்ளி, பூமின்னு சுத்திட்டுப் போகுதே, பெட்ரோல் வேஸ்ட் இல்லையா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

மிச்சம் பாப்பா. எதிர்ல 60 கிலோமீட்டர் வேகத்துல பஸ் வருது, நீ 30 வேகத்துல பந்து எறியிற, பட்டுத் திரும்பும்போது 150 வேகத்துல வரும் (ஈசிஆர்ல போய் டெஸ்ட் பண்ணாத, அப்பா அம்மா என்னத் திட்டுவாங்க). கிரகந்தான் பஸ்சு, ஈர்ப்புதான் மோதல். காசினி விண்கலம் 1997 அக்டோபர்ல கெளம்பி, வெள்ளிய ரெண்டு தடவ, பூமிய ஒரு தடவ, வியாழன ஒரு தடவ தொட்டும் தொடாமலும் போயி 2004 ஜூலைல சனிக்குப் போச்சு. அதுலேர்ந்து பிரிஞ்ச ஹைகன்ஸ் 2005 ஜனவரி 14ல டைட்டன்ல எறங்குச்சு. என் கப்பல் மூணு வருஷத்துல போறது நியூக்ளியர் இன்ஜின்ல, அந்த மாதிரி இன்ஜின அமெரிக்காக்காரங்க 1960கள்ல தரையில ஓட்டிப் பாத்தாங்க, இதுவரைக்கும் வானத்துல ஓட்டல. அது கொஞ்சம் என் ஆசை.

அட்டைப் படத்துல டைட்டன் கடல் மேல சனி வளையத்தோட சூப்பரா தெரியுது. நெஜமாவே அப்படித் தெரியுமா?
— வாசகர், நெய்வேலி

தெரியாது. ஆரஞ்சு கலர் புகை மூட்டம் எப்பவும் மூடியே இருக்கும். மூட்டம் இல்லனா நம்ம நிலா மாதிரி பதினோரு மடங்கு அகலமா தெரியும். ஓவியர் கிட்ட சொன்னேன், அப்ப ஆரஞ்சு கலர் அட்டைய மட்டும் போட்டுடவான்னு கேட்டாரு, நான் வாய மூடிக்கிட்டேன்.

என் பையன் மஸ்கட்ல இருக்கான், அவன்கூட வீடியோ கால் பேசுனாலே சில நேரம் விட்டு விட்டு வருது. உங்க கதைல அந்தப் பொண்ணு டைட்டன்லேர்ந்து அவங்க அம்மாகூட பக்கத்து வீடு மாதிரி பேசுதே, எப்படி?
— வாசகி, தாழங்குடா

மாட்டிக்கிட்டேன். பைல இருந்த அத்தன லெட்டர்லயும் நான் ஒளறுன எடத்துல கைய வச்சது நீங்க மட்டும்தாங்க.

அப்படிப் பேச முடியாது. சிக்னல் ஒளி வேகத்துலதான் போகும், செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர், அதுக்கு மேல போக வழியே இல்ல, எந்த நெட்வொர்க்கு வந்தாலும். சனி பக்கத்துல இருக்கும்போதே ஒரு வழிக்கு ஒரு மணி பத்து நிமிஷம் கிட்ட ஆகும், தூரமா இருக்கும்போது ஒன்றரை மணி. எனக்கு இது தெரியும். தெரிஞ்சேதான் பதிமூணாவது அத்தியாயத்துல நேரா பேச விட்டேன், அம்மாவும் பொண்ணும் சண்ட போடற சீன் அது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ரெண்டரை மணி நேரம்னா எப்படி சண்ட போடறது, எனக்கு எழுதத் தெரியல, ஏமாத்திட்டேன்.

உங்க லெட்டரப் படிச்சப்புறம் அந்த அத்தியாயத்த மறுபடி எழுத உக்காந்தேன், புத்தகமா வரும்போது மாத்திடலாம்னு. இப்ப அதுல சண்டையே இல்ல. தேவனாம்பட்டினத்துல அம்மா சுவத்துல ரெண்டு கடிகாரம் மாட்டியிருக்கா, ஒன்னு நம்ம நேரம், இன்னொன்னு பொண்ணோட கப்பல் நேரம். கப்பல்ல எட்டு மணிக்கு சாப்பாடு. அம்மா ஆறே முக்காலுக்கே, இங்க ஒல கொதிக்கிறதுக்கு முன்னாடியே, போன எடுத்து "சாப்டியாம்மா"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டு அரிசி களையப் போறா. அது பொண்ணு தட்டுல கை வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரும். பொண்ணு "சாப்ட்டுகினுதான் இருக்கேன்"னு அனுப்பற பதிலு இங்க வரும்போது ஒம்போதேகால், அம்மா பாத்திரம் கழுவிக் கவுத்துட்டு உக்காந்திருப்பா.